79 வயது மாமனார், குடல் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார். எப்படித் தேற்றுவது?

மன்னை மருமகள் | ஆபரேஷன் முடிந்து 11ஆம் நாள்

வணக்கம். மன்னார்குடி பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். மாமாவுக்குப் பெருங்குடலின் வலது பக்கம் கட்டி. தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையில் அந்தப் பகுதியை எடுத்துவிட்டு இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். வயிற்றில் பை எதுவும் இல்லை. முந்தாநாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். போகும்போது 52 கிலோ இருந்தார், இப்போது 47.

அறுவடைக்கு வரப்பில் நின்று ஆள் மேய்த்த மனிதர். இப்போது கட்டிலை விட்டு எழுவதில்லை. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் "அசையாம படுங்க, நல்லா ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அத்தை மூன்று வேளையும் அரிசிக் கஞ்சியும் மிளகு ரசமும்தான் தருகிறார்கள். பால், முட்டை, மீன் எதுவும் கூடாதாம், புண் சீழ் பிடிக்குமாம். டிஸ்சார்ஜ் சீட்டு முழுக்க ஆங்கிலம். "சாஃப்ட் டயட், 10 நாள் கழித்து வாங்க" என்றதோடு சரி, யாரும் உட்கார வைத்து விளக்கவில்லை.

வீட்டுக்காரர் திருப்பூரில் வேலை, ஞாயிறுதான் வருவார். இன்னொன்று, எழுதவே கூச்சமாக இருக்கிறது. அத்தைக்கு முட்டிவலி, குனிய முடியாது. மாமாவைக் குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் நான்தான். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். பாத்ரூம் போக வேண்டும் என்று சொல்லக் கூச்சப்பட்டுத் தண்ணீரே குடிக்காமல் இருக்கிறார் என்று நேற்றுதான் புரிந்தது. நான் என்ன செய்ய வேண்டும்?


இரவுப்பணி செவிலி

சகோதரி, 22 வருடமாக சர்ஜரி வார்டில் இருக்கிறேன். தண்ணீர் விஷயத்தை நீங்களே கண்டுபிடித்தது பெரிய காரியம். இந்த வயதில் தண்ணீர் குறைந்தால் மயக்கம், மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, பிறகு குழப்பம் என்று ஒன்றன் பின் ஒன்றாக வரும்.

முதலில் "ரெஸ்ட்" என்ற சொல்லை வீட்டிலிருந்து வெளியேற்றுங்கள். 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சராசரி 67 வயதுள்ள நல்ல ஆரோக்கியமானவர்களை 10 நாள் படுக்கையில் வைத்துப் பார்த்தார்கள். கால்களில் மட்டும் கிட்டத்தட்ட 1 கிலோ தசை போய்விட்டது. நோய் இல்லாதவர்களுக்கே அப்படி. உங்கள் மாமா ஏற்கெனவே 5 கிலோ இழந்தவர். படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும், முதுகும் குதிகாலும் புண்ணாகும். பகலில் அவர் நாற்காலியில் இருக்க வேண்டும். சாப்பாடு எதுவானாலும் உட்கார்ந்துதான்.

இப்போதே சீட்டை எடுத்து மூன்று விஷயம் பாருங்கள். வயிற்றுத் தோலில் போடுகிற ஊசி, இனாக்ஸாபரின் என்று எழுதியிருக்கிறதா? வயிற்றில் புற்றுநோய் அறுவை செய்தவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்க அதை 28 நாள் வரை போடச் சொல்வது வழக்கம். வார்டில் போட்டதோடு முடிந்தது என்று நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். அடுத்து, வலி மாத்திரை. வலிக்கும்போது மட்டும் போடுவது முதியவர்களுக்கு ஒத்துவராது. வலி இருந்தால் நடக்க மாட்டார், இருமவும் மாட்டார். சீட்டில் போட்டிருக்கிற அளவில், நேரம் தவறாமல் கொடுங்கள். டிரமடால் இருந்தால் மலச்சிக்கலையும் குழப்பத்தையும் கவனியுங்கள். மூன்றாவது, சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள். முன்பு சாப்பிட்ட அதே அளவா இப்போதும்?


மன்னை மருமகள்

ஊசி எழுதியிருக்கிறது அக்கா! வாங்கவே இல்லை. மருத்துவமனைக்குப் போன் பண்ணிக் கேட்டுவிட்டேன், இன்றே தொடங்கச் சொன்னார்கள். சர்க்கரை மாத்திரை பழைய அளவுதான், காலையும் ராத்திரியும்.


அடிவைப்பு

பிசியோதெரபிஸ்ட். நடக்க வைப்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மல்லாந்து கிடப்பவரைக் கையைப் பிடித்துத் தூக்காதீர்கள். முதலில் ஒருக்களிக்கச் சொல்லுங்கள். முட்டியை மடக்கி, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, அடிப்பக்க முழங்கையை ஊன்றி எழ வேண்டும். இப்படி எழுந்தால் தையலில் இழுவை குறையும். இருமலோ தும்மலோ வந்தால் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளட்டும். எழுந்ததும் ஒரு நிமிடம் கட்டில் விளிம்பில் உட்கார வேண்டும், பிறகு ஒரு நிமிடம் நிற்க வேண்டும், அதற்கப்புறம்தான் நடை. பிரஷர் மாத்திரை போடுகிற மெலிந்த உடம்பு சட்டென்று எழுந்தால் தலை சுற்றி விழும்.

கயிற்றுக் கட்டிலா? நடு தொய்ந்திருந்தால் யாராலும் எழ முடியாது. பலகைக் கட்டிலுக்கு மாற்றுங்கள், கால்கள் நான்கையும் செங்கல்லில் ஏற்றி ஆடாமல் நிறுத்துங்கள். உட்கார்ந்தால் பாதம் தரையில் முழுதாகப் பதிய வேண்டும், முட்டியை விட இடுப்பு கொஞ்சம் உயரமாக இருக்க வேண்டும். கை வைத்த நாற்காலியில் இருந்து எழுந்து உட்காருவது 5 தடவை, காலை, மதியம், மாலை. அந்த ஒன்றைச் செய்தாலே தொடைக்குப் பலம் வரும். நடை முதலில் வாசல்வரை, நாளுக்கு நாலைந்து முறை. அப்புறம் திண்ணை, அப்புறம் தெரு. தூரத்தைக் கூட்டுவதைவிடத் தடவையைக் கூட்டுங்கள்.

மூன்று பந்து இருக்கிற மூச்சுப் பயிற்சிக் கருவி கொடுத்திருப்பார்கள். பீரோ மேல் வைத்துவிடாதீர்கள். விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு 10 தடவை உறிஞ்ச வேண்டும். ஊத வேண்டாம்.

ராத்திரியில் வேட்டி தடுக்கும். கணுக்காலுக்கு மேல் நிற்கிற லுங்கியைத் தைத்துக் கொடுங்கள். பாத்ரூம் போகிற வழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.


நெல்லை மகன்

தங்கச்சி, அந்தக் கஞ்சியைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் நான் அதில் அடிபட்டவன். எங்க அப்பாவுக்கு மலக்குடலில் அறுவை. எங்க அம்மாவும் இதே பத்தியம்தான். மூன்று வாரம் கஞ்சியும் சுட்ட அப்பளமும். தையல் ஆறவே இல்லை, ஓரமாக விட்டுப்போனது. டாக்டர் கேட்டது ஒரே கேள்வி: "புண்ணை மூடுறதுக்கு உடம்பு எதை எடுத்துச் சதை செய்யும்?"

சீழ் பிடிப்பது கிருமியால். முட்டையால் அல்ல. புரதம் இல்லாத உடம்பில்தான் புண் ஆறாது. நோயில் இருக்கும் முதியவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும் என்று உணவியல் நிபுணர் எழுதிக் கொடுத்தார். 47 கிலோவுக்கு 56 முதல் 70 கிராம். ஒரு கிண்ணம் அரிசிக் கஞ்சியில் 2 கிராம்கூடத் தேறுவது கஷ்டம். ஒரு முட்டையில் 6, ஒரு டம்ளர் பாலில் 6 அல்லது 7, ஒரு கைப்பிடிப் பருப்பில் 7, உள்ளங்கை அளவு மீன் துண்டில் 15க்கு மேல். கிட்னியில் கோளாறு இருந்தால் மட்டும் முதலில் டாக்டரைக் கேளுங்கள்.

ஒரே வேளையில் தட்டு நிறைய வைத்தால் பார்த்தாலே அவர்களுக்கு வயிறு அடைத்துவிடும். ஆறு வேளையாகப் பிரியுங்கள். நாங்கள் கஞ்சியை நிறுத்தவில்லை, அம்மா மனசு நோகும். கஞ்சியைப் பாலில் காய்ச்சினோம், பொட்டுக்கடலை மாவு இரண்டு கரண்டி கலந்தோம், ஒரு கரண்டி நெய். முட்டையை அவித்து மசித்து ரசம் சாதத்தில். குடல் தைத்திருப்பதால் முதல் சில வாரம் கீரைத் தண்டு, சுண்டல், தோல் உள்ள பயறு வேண்டாம் என்றார்கள். பாசிப்பருப்புக் குழைவாக வேகும், அது போதும்.

இந்த இழையைப் பின்னால் யாராவது படிக்கலாம், அதனால் இதையும் எழுதுகிறேன். அப்பாவுக்குச் சிறுகுடலை வெளியே கொண்டுவந்து பை போட்டிருந்தார்கள். ஒரு நாளைக்கு 500 முதல் 1000 மில்லி வெளியேறுவது சாதாரணம். அவருக்கு 2 லிட்டர் போனது. போகிறதே என்று சாதாரணத் தண்ணீரையும் இளநீரையும் ஊற்றி ஊற்றிக் கொடுத்தோம். உப்பு இல்லாத தண்ணீர் போக்கைக் கூட்டத்தான் செய்யும் என்று எங்களுக்குத் தெரியாது. நாக்கு வறண்டு, சிறுநீர் நின்று, கிட்னி பாதித்துத் திரும்ப அட்மிட் ஆனார். பையில் சேர்வதை அளந்து எழுதுங்கள். ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் ஓ.ஆர்.எஸ். தொடங்கி அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள். அளக்க ஒரு பிளாஸ்டிக் ஜக் போதும். அந்த ஜக்கை நான் இரண்டு வாரம் முன்னால் வாங்கியிருந்தால் அப்பாவுக்கு அந்த வேதனை இல்லை.


கோவை அத்தை

கண்ணு, எனக்கு 74 வயசு. மார்புப் புற்றுக்கு ஆபரேஷன் ஆகி மூணு வருசம் ஆச்சு. கவனிச்சுக்கிட்டவங்க எல்லாரும் பேசறீங்க, கவனிக்கப்பட்டவ நான் ஒண்ணு சொல்றேன்.

எனக்கு வலியைவிடப் பெருசா இருந்தது அந்தக் கூச்சம்தான். பக்கவாட்டுல ரத்தம் வடியற குழாயோட, என் மகன் வந்து சேலையைச் சரி பண்ணுனான். செத்துடலாம்னு இருந்துச்சு. அப்புறம் என் மருமக ஒரு வழி கண்டுபிடிச்சா. பெரிய துண்டு ஒண்ணு மேல போத்திருவா. வெந்நீர்ல துணியை நனைச்சு என் கையில குடுத்து, "எட்டற இடமெல்லாம் நீங்க துடைச்சுக்கங்க, முதுகு மட்டும் நான்"னு திரும்பி நின்னுக்குவா. அவ்வளவுதான். உடம்பு மறுபடி என்னோடது ஆயிருச்சு.

மாமாவுக்குக் கட்டில் பக்கத்துல கமோடு நாற்காலி போட்டு, ஒரு சேலையைத் திரையாக் கட்டுங்க. ராத்திரிக்கு யூரின் பாட்டில் கைக்கு எட்டற மாதிரி. கேட்க வேண்டியதில்லைன்னு ஆனா தண்ணி தானா குடிப்பார். தாடி மழிக்க ஆள் கூப்பிடுங்க. அவரை மனுசனா உட்கார வெக்கிறது அதுதான்.


மன்னை மருமகள் | 14ஆம் நாள்

எல்லாருக்கும் நன்றி. அத்தையிடம் நான் சொன்னால் எடுபடாது என்று, ஊசி போட வந்த கிராம செவிலியரைச் சொல்ல வைத்தேன். "புண்ணு ஆறணும்னா முட்டை குடுங்கம்மா" என்றார், அத்தை மறுபேச்சுப் பேசவில்லை. நேற்று விரால் மீன் குழம்பு, காரம் குறைத்து, அத்தையே வைத்தார்கள். முடி திருத்துகிற அண்ணன் வீட்டுக்கே வந்து சவரம் செய்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் மாமா கண்ணாடி கேட்டுப் பார்த்துக்கொண்டார். வாசல்வரை மூன்று தடவை நடந்தார்.


மன்னை மருமகள் | 16ஆம் நாள், காலை 4.50

யாராவது விழித்திருக்கிறீர்களா? மாமா உடம்பு தொப்பலாக வேர்த்திருக்கிறது. ஏதேதோ பேசுகிறார், என்னை அவர் தங்கை பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். கை நடுங்குகிறது. ஜுரம் இல்லை. அத்தை காத்து கருப்பு என்று திருநீறு போடுகிறார்கள்.


இரவுப்பணி செவிலி | 4.53

சர்க்கரை பாருங்கள், இப்போதே. மெஷின் இல்லாவிட்டால் பார்க்காமலே கொடுங்கள். விழுங்குகிற நினைவு இருந்தால் மட்டும்: 3 டீஸ்பூன் சர்க்கரை அரை டம்ளர் தண்ணீரில். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 108 கூப்பிடுங்கள்.


மன்னை மருமகள் | 5.20

மெஷின் இருந்தது. 54. சர்க்கரைத் தண்ணீர் குடித்தார். 15 நிமிடம் கழித்து 88. என் பேர் சொன்னார். ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருக்கிறது.


இரவுப்பணி செவிலி

தெளிந்துவிட்டார் என்று ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பாதீர்கள். கிளிமெபிரைடு போன்ற மாத்திரைகளின் வேகம் ஒரு நாள் வரைகூட இருக்கும், சர்க்கரை மறுபடி இறங்கும். சோறு பாதியாகக் குறைந்தபோதும் மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே தொடர்ந்தது, அதனால் வந்தது இது. அன்றைக்கே இதை நான் வலியுறுத்தி எழுதியிருக்க வேண்டும், கேள்வியோடு விட்டுவிட்டேன். என்னை மன்னியுங்கள்.

மற்றவர்களுக்கும் சொல்கிறேன். அறுவை ஆன முதியவர் திடீரென்று மாறிப் பேசினால் "வயசாயிருச்சு" என்று விடாதீர்கள். சர்க்கரை, தொற்று, தண்ணீர் குறைவு, சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், புதிய மாத்திரை, இதில் ஏதோ ஒன்று உள்ளே இருக்கும். கத்துகிறவரையாவது கவனிப்போம். பேசாமல் சுருண்டு தூங்கிக்கொண்டே இருக்கிறவரைச் "சமர்த்தாக இருக்கிறார்" என்று விட்டுவிடுவோம், அதுதான் ஆபத்து. குடல் தையலில் கசிவு வந்தால்கூட இந்த வயதில் ஜுரம் தெரியாமல் போகலாம். நாடி வேகமாக ஓடுவது, சாப்பாட்டை ஒதுக்குவது, குழப்பம், வயிறு உப்புவது மட்டும் தெரியும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கினாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ காத்திருக்க வேண்டாம்.


சிங்கை தம்பி

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். 79 வயதில் வயிற்றைக் கிழித்துத் தைத்தவரை நாளுக்கு அஞ்சு தடவை நட, எழு, உட்கார் என்பது கொடுமையாகத் தெரிகிறது. ஊரில் எங்க தாத்தாவுக்கு 24 மணி நேரமும் ஆள் வைத்தோம். எழவே விடவில்லை, ராஜா மாதிரி பார்த்துக்கொண்டோம்.


அடிவைப்பு

தம்பி, உங்கள் பாசம் புரிகிறது, அதனால் நேராகவே சொல்கிறேன். எழவே விடாமல் பார்த்துக்கொண்ட எத்தனையோ பேரை இரண்டு மாதம் கழித்து என்னிடம் ஸ்ட்ரெச்சரில் கொண்டுவருகிறார்கள். புற்றுநோய் போயிருக்கும், கால் போயிருக்கும். தையல் பிரிவதற்குக் காரணம் நடை இல்லை. கனம் தூக்குவது, முக்குவது, விடாத இருமல், புண்ணில் தொற்று, இவைதான். 6 வாரத்துக்கு ஒரு குடம் தண்ணீர் தூக்க வேண்டாம். நடக்கலாம். ஆள் வைத்தால் அவரிடமும் சொல்லுங்கள்: எழுப்பி விடுவதற்குத்தான் சம்பளம்.


கையோடு கை

வலி நிவாரணச் சேவையில் தன்னார்வலர். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை மட்டுமில்லை, வீட்டுக்கே வரும் பிசியோதெரபியும் வலி நிவாரணக் கவனிப்பும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104, முதியோர் உதவிக்கு 14567. கமோடு நாற்காலி, வாக்கர் எல்லாம் புதிதாக வாங்கும் முன் ஊரில் விசாரியுங்கள், பல வீடுகளில் பரணில் கிடக்கும்.

மன்னை மருமகளிடம் ஒரு கேள்வி. நீங்கள் எப்போது தூங்குகிறீர்கள்?


மன்னை மருமகள் | 30ஆம் நாள்

அந்தக் கேள்விக்கு அன்று பதில் எழுத முடியவில்லை, அழுகை வந்துவிட்டது. வீட்டுக்காரரிடம் இந்த இழையைப் படிக்கக் கொடுத்தேன். 10 நாள் லீவு போட்டு வந்தார். ராத்திரி அவர் பார்த்துக்கொண்டார்.

மாமா தெருமுனைவரை நடக்கிறார். சர்க்கரை மாத்திரையைக் குறைத்துவிட்டார்கள். எடை 48.4. 28 நாள் ஊசி முடிந்தது.

ஆனால் பயாப்சி ரிப்போர்ட் வந்திருக்கிறது. 16 நெறிக்கட்டி பார்த்ததில் 2இல் பரவியிருக்கிறது. கீமோ பேச வேண்டும் என்கிறார்கள். இதில் பெரிய சிக்கல், மாமாவுக்கு இது புற்று என்றே தெரியாது. "குடல்ல கட்டி, எடுத்தாச்சு" என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். நேற்று மகனைக் கூப்பிட்டு, "சம்பாவுக்கு நாத்து விடணும், நானே பார்த்துக்கறேன், குத்தகைக்கு விடாதே" என்கிறார். இவர் தலையாட்டிவிட்டு வெளியே வந்து நிற்கிறார். என்ன சொல்வது?


கோவை அத்தை

சொல்லிருங்க கண்ணு. நிலத்தை நடறதா, குத்தகைக்கு விடறதான்னு அவர் முடிவு பண்றார். அந்த முடிவுக்கு வேண்டிய விசயத்தை அவர்கிட்டயே மறைச்சா எப்படி? எங்கிட்டயும் ரெண்டு மாசம் மறைச்சாங்க. நான் பேச வர்றப்பெல்லாம் எல்லாரும் எந்திரிச்சுப் போனாங்க, அந்தத் தனிமைதான் தாங்கலை.

ஒரேயடியா கொட்ட வேண்டாம். "உங்களுக்கு என்னன்னு நீங்க என்ன நினைக்கிறீங்க?"ன்னு மகன் கேட்கட்டும். அவர் எவ்வளவு தூரம் வர்றாரோ அவ்வளவு தூரம் கூடப் போகட்டும். தெரிஞ்சுக்க வேண்டாம்னு சொன்னா அதுவும் அவர் இஷ்டம்.


இரவுப்பணி செவிலி

கீமோ பற்றி ஒன்று. தொடங்குவதானால் பொதுவாக 8 வாரத்துக்குள் தொடங்கப் பார்ப்பார்கள். அவர் தாங்குவாரா என்பதை வயதை மட்டும் வைத்துச் சொல்ல மாட்டார்கள். தானே எழுகிறாரா, எவ்வளவு நடக்கிறார், எடை நிற்கிறதா, நினைவு தெளிவா என்று பார்ப்பார்கள். இந்த ஒரு மாதம் அந்த வாசலுக்கும் தெருமுனைக்கும் நடந்தீர்களே, அதனால்தான் இந்தப் பேச்சே நடக்கிறது. மாத்திரையாகவே கொடுக்கிற கீமோவும் உண்டு. வேண்டாம், இப்படியே இருக்கிறேன் என்பதும் அவர் சொல்லக்கூடிய பதில்தான்.


மன்னை மருமகள் | 41ஆம் நாள்

சொல்லிவிட்டோம். என் வீட்டுக்காரர் கேட்டதும் மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. "எங்க அண்ணனுக்கும் இப்படித்தான் மெலிஞ்சுது, எனக்கு அப்பவே ஒரு இது இருந்துச்சு" என்றார். அத்தைதான் மிகவும் அழுதார்கள். மாமா அவர்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கத் தானாக நாற்காலியை விட்டு எழுந்தார், கையை ஊன்றாமல்.

நிலத்தில் பாதியைக் குத்தகைக்கு விடச் சொல்லிவிட்டார். மீதிக்கு நாற்றங்கால் போட்டாகிவிட்டது. தினம் சாயங்காலம் மதகுவரை நடந்துபோய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வருகிறார். நாற்காலியை என் பையன் தூக்கிக்கொண்டு போகிறான். எடை 49.1.

செவ்வாய்க்கிழமை கீமோ டாக்டரைப் பார்க்கப் போகிறோம். தை மாதம் அறுவடை, அப்போது வரப்பில் நடக்கிற நிலையில் இருப்பேனா என்று அவரிடம் கேட்கச் சொல்லி என்னை எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னார்.


இரவுப்பணி செவிலி

அந்தக் கேள்வியை அவர் வாயாலேயே கேட்கட்டும். காது மந்தமானால் டாக்டருக்கு எதிரே, பக்கத்து நாற்காலியில் உட்கார வையுங்கள். எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், நாட்டு மருந்து ஏதாவது தந்திருந்தால் அதையும். எடை எழுதிய தாளும், சர்க்கரை 54க்கு இறங்கிய தேதியும் கையில் இருக்கட்டும். காலையில் சாப்பிட வைத்துக் கூட்டிப்போங்கள், காத்திருக்க நேரமாகும். என்ன சொன்னார்கள் என்று இங்கே எழுதுங்கள்.